விலாங்கு இறங்கும் வழி: அணை, மின்சாரம், சேரி

தமிழ்நாட்டில் அணைகளுக்கு வரலாறு உண்டு. கட்டிய அரசனுக்கும் பொறியாளருக்கும் சிலை உண்டு. கல்லணைக்குக் கரிகாலன், முல்லைப் பெரியாறுக்குப் பென்னிகுயிக், கொள்ளிடத்து அணைகளுக்கு ஆர்தர் காட்டன், மேட்டூருக்கு ஸ்டான்லி என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளே ஒப்பிப்பார்கள். அணையின் நீளம், உயரம், கொள்ளளவு, பாயும் ஏக்கர், கிடைக்கும் மெகாவாட் எல்லாம் கணக்கில் இருக்கிறது. கல்லும் மண்ணும் சுமந்தவர்கள் அந்தக் கணக்கில் இல்லை என்பதை நாம் பலமுறை எழுதிவிட்டோம். நான் இங்கே எழுத வந்தது இன்னொரு விடுபடலைப் பற்றி. அந்த ஆற்றில் இருந்த மீனுக்கு என்ன ஆச்சு? அந்த மீனை நம்பி வயிறு கழுவின சனங்களுக்கு என்ன ஆச்சு?

மீனைப் பற்றிப் பேசிய சிலரும் பாதிக் கேள்வியைத்தான் கேட்டார்கள். அணை கட்டினால் மீன் மேலே ஏற முடியாதே, அதற்கு ஒரு ஏணி வைக்கலாமா என்று யோசித்தார்கள். ஏறின மீன் எப்படி இறங்கும், அணைக்கு மேலே பொரிந்த குஞ்சு எப்படிக் கீழே வரும் என்று யோசித்தவர்கள் குறைவு. தண்ணீர் தேக்கும் அணையாவது தேவலை. மின்சாரம் எடுக்கும் அணையில், இறங்கும் மீனுக்கு எதிரே டர்பைன் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்குள் போய் வெளியே வரும் மீன் என்ன கதியில் வருகிறது என்பது இங்கே பொதுப் பேச்சாகவே ஆகவில்லை. அது ஆகாமல் போனதற்குச் சாதியும் ஒரு காரணம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

ஏரியும் மீன்பாசியும்

காஞ்சிபுரம் என்றால் பட்டும் கோயிலும் என்பார்கள். எங்கள் மாவட்டத்துக்குச் சோறு போட்டது ஏரி. பாலாறு, செய்யாறு, வேகவதி என்ற ஆறுகளும் அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களும் ஏரிக்கு ஏரி தொடுத்துக்கொண்டு போகும். இந்த ஏரிப் பாசனத்தின் பெருமையைச் சொல்ல வருகிறவர்கள் உடனே உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டுவார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் வெட்டப்பட்டவை அவை. குடவோலை முறையில் ஆள் எடுத்தார்கள், ஏரி வாரியம் என்று தனி வாரியமே இருந்தது, சனநாயகம் இங்கேதான் பிறந்தது என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள்.

அந்த வாரியத்தில் உட்காரத் தகுதி என்ன? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35க்கும் 70க்கும் இடையில் இருக்க வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். ஏரியைத் தூர் எடுத்தவனும், மதகை அடைத்தவனும், கரை உடைந்தால் ராத்திரியில் மண்மூட்டையோடு ஓடினவனும் அந்தக் குடத்துக்குள் ஓலையாக விழவே முடியாது. ஏரி வாரியம் பார்ப்பன சபையின் வாரியம். ஏரி வேலை சேரியின் வேலை.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்தில் கம்புக்கட்டி என்றும் நீர்க்கட்டி என்றும் சொல்வார்கள். மதகைத் திறந்து, வயலுக்கு வயல் தண்ணீர் பாய்ச்சி, மடையை அடைத்து வரும் ஆள். பெரும்பாலும் சேரி ஆளாகத்தான் இருப்பார். கூலி, களத்துமேட்டில் அளந்து போடும் நெல். எங்க தாத்தா அந்த வேலையைச் செய்தவர். எந்த மடையில் எத்தனை நாழி தண்ணீர் விட்டால் எந்த வயல் நிரம்பும் என்பது அவருக்கு மனப்பாடம். அவர் பாய்ச்சின வயலில் ஒரு சென்ட் கூட அவருடையது கிடையாது.

மீனுக்கு வருவோம். பழைய கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம் என்று ஒரு வரி வருகிறது. ஏரியிலும் குளத்திலும் மீன் பிடிக்கும் உரிமைக்காக வாங்கிய வரி அது. இன்றைக்கும் ஏரி மீனை ஏலம் விடும்போது ‘மீன்பாசி ஏலம்’, ‘மீன்பாசி குத்தகை’ என்றுதான் அறிவிக்கிறார்கள். தமிழ் படித்தவன் என்ற முறையில் இந்தச் சொல்லின் ஆயுசு எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அரசர்கள் போனார்கள், வெள்ளைக்காரன் போனான், பாசி மட்டும் போகவில்லை. ஏரி மீன் எப்போதும் காசு கட்டக்கூடியவனின் மீனாகவே இருந்து வந்திருக்கிறது என்பதற்கு அந்தச் சொல்லே சாட்சி.

அப்படியானால் சேரி தின்ற மீன் எது? மதகைத் தாண்டி வாய்க்காலில் இறங்கின மீன். கலங்கல் வழிந்தபோது புல்லுக்குள் ஒதுங்கின மீன். நெல் வயலில் கணுக்கால் தண்ணீரில் துள்ளின குறவையும் கெளுத்தியும் விலாங்கும். ஊத்தாவும் பறியும் தூண்டிலும், எதுவும் இல்லையென்றால் வெறுங்கையும் போதும். ஏலம் எடுத்தவனின் காவலாள் ஏரிக்கரையில் நிற்பான், வாய்க்காலில் நிற்க மாட்டான். அதாவது, எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் இறங்கி வந்த மீன். இந்த மீன் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. விலை போடாத மீன், எடை போடாத மீன். நான் படித்த பள்ளியில் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால், ‘விலாங்கு வாசனை வருது, தள்ளி உட்காருடா’ என்று சொல்ல ஆள் இருந்தது. எங்க சாப்பாடு எழுதப்பட்ட ஒரே இடம் அந்த ஏச்சுப்பேச்சுதான்.

ஏறும்போது விரல், இறங்கும்போது கை

விலாங்கைப் பற்றித் தமிழில் ஒரு பழமொழி இருக்கிறது. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று இரட்டை வேடக்காரனைத் திட்டுவதற்கு அதை இழுப்பார்கள். பழந்தமிழில் மலங்கு என்று பெயர். அதன் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் இப்படித் திட்ட மனசு வராது.

விலாங்கு பிறப்பது கடலில். குஞ்சு முதலில் இலை போலத் தட்டையாக, கண்ணாடி போல இருக்கும். கடல் நீரோட்டத்தில் மிதந்து கரைக்கு வந்து, முகத்துவாரம் வழியாக ஆற்றுக்குள் நுழையும்போது விரல் நீளம்தான். அந்த வயசில் அது ஈரமான கல்லிலும் பாசி பிடித்த சுவரிலும் ஊர்ந்தே ஏறிவிடும். தாழ்வான கலங்கல் அதற்குப் பெரிய தடை கிடையாது. ஆற்றிலும் ஏரியிலும் சேற்றிலும் பல வருசம் வளரும். பிறகு ஒரு பருவத்தில் அதன் உடம்பு மாறும். கண் பெரிசாகும், வயிறு வெளுக்கும், தீனி நிற்கும். அப்போது அது கடலுக்கு இறங்க வேண்டும். கடலில்தான் முட்டையிடும், இட்டபின் செத்துப்போகும். விரல் நீளத்தில் ஏறின உயிர், ஒரு கை நீளத்துக்கு மேல் வளர்ந்து இறங்குகிறது. ஒரே ஒருமுறைதான் இறங்கும். அந்த ஒருமுறை தப்பினால் அடுத்த தலைமுறை கிடையாது.

எங்க தாத்தா சொல்லும்: “ஐப்பசி கார்த்திகையில அமாவாசை இருட்டு, மேல மழை, கலங்க தண்ணி. அன்னிக்குத்தான்டா விலாங்கு இறங்கும். நெலா வெளிச்சத்துல வராது.” விலாங்கு இறங்குவதை ஆராய்ந்த ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வாளர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். இருட்டு, மழை, திடீரென்று ஏறும் ஆற்று நீர் என்ற மூன்றும் கூடும் இரவில் பெருங்கூட்டமாக இறங்குகிறது. அவர்களிடம் கருவி இருந்தது, தாத்தாவிடம் மதகு இருந்தது.

கடலிலிருந்து ஏறும் இன்னொரு மீன் உல்லம். வங்காளிகள் இலிஷ் என்று உயிரை விடுவது இதைத்தான். இது விலாங்குக்கு நேர் எதிர். கடலில் வாழ்ந்து, வெள்ளக் காலத்தில் ஆற்றில் ஏறி முட்டையிடும். பிறகு பெரிய மீனும் இறங்க வேண்டும், குஞ்சும் இறங்க வேண்டும். ஆக இரண்டு மீனுக்கும் ஏற ஒரு வழியும் இறங்க ஒரு வழியும் வேண்டும். ஏணி மட்டும் வைத்தால் பாதி வேலைதான்.

வெள்ளைக்காரன் கண்ட குற்றவாளி

1836இல் ஆர்தர் காட்டன் காவிரிப் படுகையில் முக்கொம்பு மேலணையையும், கொள்ளிடத்தில் அணைக்கரையில் கீழணையையும் கட்டி முடித்தார். 1858இல் எங்கள் பாலாற்றில் வாலாஜா பக்கத்தில் அணைக்கட்டு வந்தது. காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, தூசி முதலான ஏரிகளுக்கு அதிலிருந்துதான் கால்வாய். வருவாய் பெருகியது. மீன் குறைகிறதே என்ற முணுமுணுப்பும் கூடவே வந்தது.

பிரான்சிஸ் டே என்பவர் மதராஸ் படையில் மருத்துவர், பிறகு இந்திய அரசின் மீன்வளத் தலைமை ஆய்வாளர். 1873இல் இந்தியாவின் நன்னீர் மீன்களைப் பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அணைக்கட்டுகள் மீனின் வழியை மறிக்கின்றன, அவற்றில் மீனுக்கு வழி விட வேண்டும், பாசனக் கால்வாயில் இறங்கும் குஞ்சுகள் வயலில் சிக்கி அழிகின்றன என்றெல்லாம் சொன்ன ஆள் அவர். ஏறுவதோடு இறங்குவதையும் பார்த்திருக்கிறார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதே மூச்சில், சிறுகண் வலை போடுகிறவர்களும் வாய்க்காலில் பறி வைக்கிறவர்களும் மீன்குலத்தை நாசம் பண்ணுகிறார்கள் என்றும் சொன்னார்.

அரசு இரண்டில் எதைக் கேட்டது? 1897இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதைத் தடுத்தது. அது சரிதான். அதோடு, நிலைப்பொறி, வலையின் அளவு முதலானவற்றை ஒழுங்குபடுத்த மாகாண அரசுகளுக்கு அதிகாரம் கொடுத்தது. அணை கட்டுகிறவன் மீனுக்கு வழி விட வேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. பறி வைத்த கை சட்டத்தின் பிடிக்குள் வந்தது. ஆற்றையே மறித்த கை வரவில்லை.

அதே காலத்தில் எங்கள் மாவட்டத்தில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை பற்றிய குறிப்பை எழுதினார். அதன் விளைவாக 1892இல் அரசாணை 1010 வந்து, பஞ்சமி நிலம் கிடைத்தது. அந்த நிலத்துக்காக 1994இல் காரணையில் இரண்டு உயிர் போனது வரைக்கும் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். கிடைத்தது தரிசு நிலம். ஏரியில் பங்கும், மீன்பாசியில் பங்கும் அந்த ஆணையோடு வரவில்லை.

மதராஸ் மாகாணத்தில் 1907இல் பிரடெரிக் நிக்கல்சன் தலைமையில் மீன்வளத் துறை தொடங்கியது. கொள்ளிடம் கீழணையில் மீன் ஏணி வைத்தும் பார்த்தார்கள். உல்லம் அதில் ஏறவில்லை. மேலை நாட்டு சால்மன் மீன் துள்ளித் தாவும். அதற்காகப் போட்ட கணக்கை உல்லத்துக்கு வைத்தால் எப்படி ஏறும்? உல்லம் எப்படி நீந்தும், எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று தெரிந்தவர்கள் அந்த அணைக்குக் கீழேயே வலையோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

மேட்டூரும் ஏழு கதவணையும்

1925இல் தொடங்கி 1934 ஆகஸ்ட் 21 அன்று மேட்டூர் அணை திறக்கப்பட்டது. 93.47 டி.எம்.சி. கொள்ளளவு. 1937இல் அணையடி மின்நிலையம் ஓட ஆரம்பித்தது. மீனுக்கு வழி ஒன்றும் வைக்கவில்லை. அவ்வளவு உயரத்துக்கு ஏணி வைப்பதும் சுலபமில்லை. வெள்ளத்தை மேட்டூர் பிடித்து வைத்துக்கொண்டதால், கீழே கொள்ளிடத்தில் உல்லம் ஏறுவதற்கான பருவ வெள்ளமே தளர்ந்தது. மேட்டூருக்குப் பிறகு உல்லம் குறைந்துபோனதை மீன்வள ஆய்வாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். உல்லத்தோடு எந்தெந்தத் தெருவில் அடுப்பு அணைந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

1980களின் கடைசியில் அடுத்த கட்டம் வந்தது. மேட்டூருக்குக் கீழே காவிரியைக் கதவணைகளால் தடுத்து, தாழ்வான நீர்வீழ்ச்சியிலேயே மின்சாரம் எடுத்தார்கள். செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று நான்கு. ஒவ்வொன்றும் 30 மெகாவாட். பிறகு சமயசங்கிலி, வெண்டிபாளையம், சோளசிராமணி. மேட்டூர் அடிவாரத்தில் வளர்ந்த விலாங்கு கடலுக்கு இறங்க நினைத்தால் ஏழு கதவணையைத் தாண்டி, அதற்குப் பிறகு மாயனூர், முக்கொம்பு, அணைக்கரையையும் தாண்ட வேண்டும்.

கதவணையில் மீனுக்கு இரண்டு வழி. ஷட்டர் திறந்திருந்தால் அதன் வழியாகப் போகலாம். பெருவெள்ளத்தில் கீழ்மட்ட நீரும் மேலே ஏறி, மேலுக்கும் கீழுக்கும் உயர வித்தியாசம் குறைந்து, டர்பைன் நின்றுவிடும். ஷட்டர்கள் திறப்பார்கள். அப்போது மீன் பெரும்பாலும் தப்பிக்கும். அளவாகத் தண்ணீர் விடும் நாட்களில்தான் ஆபத்து. சொட்டு நீரும் வீணாகக் கூடாது என்று முழு ஆற்றையும் டர்பைன் வழியாக விடுவார்கள். மீன் ஓட்டத்தோடு போகும் உயிர். ஓட்டம் எங்கேயோ அங்கேதான் போகும்.

உள்ளே என்ன நடக்கிறது? சுற்றும் தகடு அடிக்கலாம். மீன் எவ்வளவு நீளமோ அடிபடும் வாய்ப்பு அவ்வளவு கூடும். அதனால்தான் விலாங்குக்கு மற்ற மீனைவிடச் சாவு அதிகம். தகட்டைத் தாண்டின கணத்தில் நீரழுத்தம் திடீரென்று இறங்கும், மீனின் காற்றுப்பை ஊதி உள்ளே கிழியும். எதிரெதிர் ஓட்டங்கள் உரசும் இடத்தில் செதிலும் செவுளும் பிய்ந்துபோகும். இத்தனையும் தப்பி வெளியே வந்த மீன் கிறுகிறுத்துக் கிடக்கும். அணைக்குக் கீழே கொக்கும் நாரையும் பெரிய மீனும் அதற்காகக் காத்திருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு ஆறு அமைதியாக ஓடுகிற மாதிரிதான் தெரியும்.

தீர்வு இருக்கிறது

இதெல்லாம் விதி என்று விடவேண்டியதில்லை. உலகத்தில் வேறு இடங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள்.

முதலாவது, டர்பைன் வாயில் நெருக்கமான கம்பிச் சட்டம். காஞ்சிபுரத்துக்காரர்களுக்குச் சொல்வதானால், தறியின் அச்சு மாதிரி. அச்சுப் பல்லுக்கு நடுவே நூல் போகும், விரல் போகாது. சாதாரணமாகக் குப்பை தடுக்க வைக்கும் கம்பிகளின் இடைவெளி பெரிசு. ஐரோப்பாவில் அதை 10 முதல் 20 மில்லிமீட்டருக்குக் குறுக்கி, ஆற்றுக்கு நேராக நிறுத்தாமல் சாய்த்து வைக்கிறார்கள். மீன் கம்பியை ஒட்டியே நகர்ந்து கடைசியில் ஒரு தனி வாய்க்காலுக்குள் போய், டர்பைனைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கிவிடும். சட்டத்தை மட்டும் வைத்து அந்த வாய்க்காலை விட்டுவிட்டால் மீன் கம்பியில் அழுந்திச் சாகும். இரண்டும் சேர்ந்தே வரவேண்டும்.

இரண்டாவது, மேல்மட்ட வழி. குஞ்சு மீன்கள் பல நீரின் மேல்பகுதியில் வரும். ஷட்டரோ அடியிலிருந்து திறக்கும். அமெரிக்காவில் ஸ்நேக் ஆற்றின் லோயர் கிரானைட் அணையில் 2001இல் மேல்நீரை மட்டும் வழியவிடும் அமைப்பை வைத்தார்கள். குறைந்த தண்ணீரில் நிறைய மீன் இறங்கியது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. விலாங்கு இறங்கும் இரவுகளில் டர்பைனை நிறுத்துவது. அமெரிக்காவின் ஷெனன்டோவா ஆற்றில் சில மின்நிலையங்கள் பருவத்தில் இரவு நேரத்தில் நிறுத்தி வைத்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் போட்ட விதியில், மனிதத் தலையீடு இல்லாமல் இருந்தால் எவ்வளவு விலாங்கு கடலுக்கு இறங்குமோ அதில் 40 விழுக்காடாவது இறங்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். அதற்கு இப்படி நிறுத்துவதும் ஒரு வழி. எந்திரம் வாங்க வேண்டாம், சுவர் உடைக்க வேண்டாம். எந்த இரவு என்று தெரிந்தால் போதும். கம்புக்கட்டிக்குத் தெரியும்.

அம்பேத்கரும் அணையும்

இங்கே ஒரு தோழர் கேட்பார்: “மின்சாரம் வேணாமா? சேரிக்குக் கடைசியாத்தானே வெளக்கு வந்துச்சு. இப்ப மீனுக்காக நிறுத்தச் சொல்றியா?” நியாயமான கேள்வி. பழைய கிராமத்தை நினைத்து உருகுகிற சூழல்வாதம் நமக்கு ஒத்துவராது. அந்தக் கிராமத்தில் நாம் எங்கே நின்றோம் என்று நமக்குத் தெரியும்.

அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கும் ஹிராகுட்டுக்கும் வித்திட்டது அந்தக் காலம். மின்சாரம் வந்தால் தொழில் வரும், தொழில் வந்தால் நிலத்தடிமை ஒழியும் என்பது அவர் கணக்கு. அணையை எதிர்ப்பது அம்பேத்கரியம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அவர் வலியுறுத்தியது பல்நோக்கு அணை. வெள்ளத்தடுப்பு, பாசனம், போக்குவரத்து, மின்சாரம் என்று ஓர் ஆறு பல பேருக்குப் பயன்பட வேண்டும் என்ற கொள்கை. நிலமில்லாதவன் சோற்றில் விழும் மீன் துண்டும் அந்தப் பல நோக்கில் ஒன்றாக இருக்கத்தான் வேண்டும். மகாடில் 1927இல் அவர் குளத்தில் இறங்கியது தண்ணீர் பொது என்பதற்காக. தண்ணீர் பொதுவென்றால் அதில் நீந்துவதும் பொது.

வருசத்தில் சில இருட்டு இரவுகள், அதுவும் வடகிழக்குப் பருவமழையில், நிறுத்துவதால் போகும் மின்சாரம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைக்கூட விடமுடியாது என்று சொல்லும் அளவுக்கு மீனுக்கு மதிப்பில்லையென்றால், மீனைத் தின்கிறவனுக்கு மதிப்பில்லை என்றுதான் பொருள்.

உரிமை எங்கே இருந்ததோ

மீனுக்கு வழி கிடைத்த இடங்களைப் பார்த்தால் ஒரு விசயம் புலப்படும். கொலம்பியா ஆற்றில் 1938இல் பான்வில் அணையை ஏணியோடு கட்டினார்கள். இறங்கும் சால்மன் குஞ்சைப் பற்றி உருப்படியாக வேலை தொடங்கப் பல பத்தாண்டு ஆனது. இடையில் 1957இல் டேல்ஸ் அணை வந்து, தொல்குடிகள் காலங்காலமாக மீன் பிடித்த செலிலோ அருவியை மூழ்கடித்தது. ஆனால் அந்த மக்களிடம் ஒரு காகிதம் இருந்தது. 1850களில் நிலத்தை விட்டுக்கொடுத்தபோது, மீன்பிடி உரிமை எங்களுக்கே என்று எழுதி வாங்கின ஒப்பந்தம். 1974இல் நீதிபதி போல்ட், வாஷிங்டன் மாநிலத்தில் பிடிக்கத்தக்க மீனில் பாதி அந்தக் குடிகளுக்கு என்று தீர்ப்பளித்தார். அதன் தொடர்ச்சியாக, சாலைகளுக்கு அடியில் மீன் வழியை அடைக்கும் குழாய்ப்பாலங்களை மாநிலமே மாற்றிக் கட்ட வேண்டும் என்ற உத்தரவு 2018இல் உச்சநீதிமன்றத்தில் நிலைத்தது. மீன் பிடிக்கும் உரிமை இருக்கிறதென்றால், மீன் வந்து போகும் வழியும் இருந்தாக வேண்டும் என்பதுதான் அந்த வழக்கின் சாரம். கிளமாத் ஆற்றில் யூரோக், கரூக் முதலான குடிகள் போராடி, நான்கு மின் அணைகளையே 2024இல் அகற்ற வைத்தார்கள். அந்த வருசமே சால்மன் பழைய இடத்துக்கு ஏறியது.

நம் நாட்டில் 1975இல் பராக்கா அணை வந்தது. அதற்கு முன் அலகாபாத் வரை ஏறின இலிஷ் பிறகு அங்கே அருகிப்போனது. பராக்காவில் மீனுக்கென்று நீர்ப்பூட்டு வைத்தே கட்டினார்கள், பயன் தரவில்லை. 2019இல் கப்பல் போக்குவரத்துக்கான பூட்டை மாற்றியமைத்து மீனையும் விடப் போவதாக அரசு அறிவித்தது. கட்டிடம் இருந்தது, அதைச் சரியாக இயக்கு என்று கேட்கும் உரிமை கீழே வலை போட்டவனுக்கு இல்லை.

நம்மிடம் ஒப்பந்தக் காகிதம் இல்லை. காஞ்சிபுரத்துச் சேரிக்கோ காவிரிக்கரைச் சேரிக்கோ மீன் உரிமை என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. மீன் அழிந்தபோது இழப்பு என்று காட்ட ஒரு சீட்டும் இல்லாமல் போனது அதனால்தான். ஆகவே கோரிக்கையை இரண்டு முனையில் வைக்க வேண்டும்.

கதவணைகளில் முதல் நான்கும் 35 வருசத்தைத் தாண்டிவிட்டன. எந்திரத்தைப் புதுப்பிக்கும் வேலை எப்போது வந்தாலும், சாய்ந்த கம்பிச் சட்டத்தையும் இறங்கு வாய்க்காலையும் அந்த ஒப்பந்தப்புள்ளியிலேயே சேர்க்கச் சொல்வோம். அதுவரைக்கும் ஐப்பசி, கார்த்திகை அமாவாசையை ஒட்டிய மழை இரவுகளில் டர்பைனை நிறுத்தி ஒரு ஷட்டரைத் திறக்கச் சொல்வோம். டர்பைனுக்குக் கீழே வலை கட்டி, எத்தனை மீன் உயிரோடு வருகிறது, எத்தனை அறுபட்டு வருகிறது என்று எண்ணச் சொல்வோம். எண்ணும் வேலையை அந்தக் கரையில் மீன் பிடிக்கிற சனங்களுக்குக் கூலி கொடுத்துக் கொடுக்க வேண்டும். கணக்கைத் தமிழில் வெளியிட வேண்டும்.

கதவணைத் தேக்கத்திலும் ஊர் ஏரியிலும் மீன்பாசியில் நிலமற்றவர்களுக்குச் சட்டப்படி பங்கு வேண்டும். பாலாற்றில் மின் அணை இல்லை. அதனால் நமக்கென்ன என்று காஞ்சிபுரத்துக்காரர்கள் இருந்துவிடக் கூடாது. முகத்துவாரத்தை ஒட்டி வாயலூரிலும் அதற்கு மேலே ஈசூர் வள்ளிபுரத்திலும் தடுப்பணைகள் வந்துவிட்டன. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு கடலைத் தொட்டது. அப்படி ஆறு கடலைத் தொடும் நாட்களில்தான் விலாங்குக் குஞ்சு உள்ளே வரும், வளர்ந்தது வெளியே போகும். தடுப்பணையின் ஒரு ஓரத்தில் சொரசொரப்பான கற்சரிவு போட்டு நீர் கசியவிட்டால் குஞ்சு ஏறிவிடும். உச்சியில் ஒரு தாழ்ந்த வாய் வைத்தால் பெரியது இறங்கிவிடும். அடுத்த தடுப்பணைக்கு மதிப்பீடு போடுவதற்கு முன்னால் இதைக் கேட்க வேண்டும். பாலாற்றங்கரைச் சேரிகளில் மதகு பார்த்தவர்கள் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். எந்த மாதம் எந்த மடையில் எது இறங்கியது என்று அவர்கள் வாயால் கேட்டு எழுதும் வேலையை நாங்கள் சிலர் தொடங்கியிருக்கிறோம். மாணவத் தோழர்கள் தங்கள் ஊர் ஏரிக்கும் இதைச் செய்யலாம். ஒரு நோட்டும் ஒரு மழைக்காலமும் போதும்.